சொந்த ஊருக்கு ஜோடியாகப் போகும் முன்

கல்யாணமான புதிதில் மறுவீடு, விருந்து என்று போய்வருவது வேறு கணக்கு. மாப்பிள்ளையும் பெண்ணும் பட்டு கசங்காமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வண்டியேறிவிடுவார்கள். நான் சொல்வது அதற்குப் பிறகு, கணவனும் மனைவியுமாக ஜோடியாக, நாம் வளர்ந்த ஊரில் நாலைந்து நாள் தங்கப் போகும் பயணத்தை. என் ஊர் அம்பாசமுத்திரம், வீட்டுக்காரர் ஈரோட்டுப் பக்கம். எனக்கு அம்பையில் மூலைக்கு மூலை ஏதாவது ஞாபகம் இருக்கும். அவருக்கு அது தெரியாத முகங்கள் நிறைந்த ஓர் ஊர். ஆகவே ஊரைச் சுற்றிக் காட்டுவதைவிட, ஊரில் அவருக்கென்று நாலு மனுஷரைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் முக்கியம். திட்டமெல்லாம் அதை ஒட்டியே இருக்கட்டும்.

நாள் பார்ப்பது

முதலில் எப்போது போகக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். கல்யாண வீடு, கோயில் கொடை இரண்டையும் சாக்காக வைத்து முதல் பயணத்தைப் போடாதீர்கள். நீங்கள் பந்தியில் ஓடிக்கொண்டிருப்பீர்கள், கூட வந்தவர் பிளாஸ்டிக் நாற்காலியில் போனை நோண்டிக்கொண்டிருப்பார். அம்பைப் பக்கம் என்றால் ஆடி அமாவாசையையும் தவிருங்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டம் பாபநாசம் மலையடிவாரம் வரை நெரியும். ஐப்பசியிலிருந்து மார்கழித் தொடக்கம் வரை மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எப்படிப் பெருகியது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் கூட்டம் ஊர் திரும்பிய பிறகு, தை மாதக் கடைசி நல்ல நேரம். பிசான நெல் வயலில் பச்சையாக நிற்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. சொந்தக்காரர்களும் வேலையெல்லாம் ஓய்ந்து உட்கார்ந்து பேச நேரத்தோடு இருப்பார்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த அன்றே கீழ் படுக்கைகளைப் பிடித்துவிடுங்கள். இரவில் சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், காலையில் திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை பாசஞ்சர். கார் வசதி இருந்தாலும் இந்தக் கடைசித் துண்டையாவது பாசஞ்சரில் போங்கள். இடது பக்க ஜன்னல் ஓரத்தை அவருக்குக் கொடுங்கள், மலை அந்தப் பக்கம்தான். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலம் வரும்போது நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம்.

கிளம்பும் முன் சொல்ல வேண்டியவை

வம்சவரலாறு முழுவதையும் ஒப்பிக்க வேண்டாம். ஐந்தாறு பேர் போதும். யார், எப்படிக் கூப்பிட வேண்டும், யாருக்குக் காது மந்தம், யாரிடம் அரசியல் பேசக் கூடாது. கொங்குப் பக்கம் அம்மிச்சி என்று அழைத்துப் பழகியவருக்கு எங்கள் வீட்டில் ஆச்சி. அண்ணன் மனைவி மதினி. இதெல்லாம் ரயிலிலேயே சொல்லிக்கொண்டு போகலாம்.

சங்கடமானதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாகப்பிரிவினையில் சித்தப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை என்றால் அது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல மனசோடு ஒருவர் வீட்டுப் பலகாரத்தை இன்னொருவர் வீட்டில் புகழ்ந்துவிட்டு, கூடத்தில் ஏன் திடீரென்று பேச்சு நின்றது என்று விழிப்பார்.

யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதில்தான் பாதி மனஸ்தாபம் பிறக்கிறது. வயதில் மூத்தவர் வீட்டுக்கு முதலில். இந்த விதியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரிச் சொல்லிவிட்டால் பேச்சுக்கு இடமிருக்காது. ஒரு பொழுதில் இரண்டு வீட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் காப்பியை மறுக்க முடியாது என்பதால், அடுப்பு பற்றுவதற்குள் “அரை தம்ளர் போதும்” என்று நீங்களே குரல் கொடுத்துவிடுங்கள். அவரால் அதைச் சொல்ல முடியாது.

கையில் கொண்டுபோவது பழமும் பிஸ்கட்டுமாக இருக்க வேண்டாம். கூட வருகிறவரின் ஊர்ப் பொருளாக இருக்கட்டும். நாங்கள் சென்னிமலைப் போர்வையும் ஈரோட்டு மஞ்சளும் கொண்டுபோவோம். போர்வையைத் தடவிப் பார்த்து, “இது எந்தத் தறி, என்ன விலை?” என்று மாமா கேட்க ஆரம்பித்தால், பதில் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை. பேச்சு அங்கேயிருந்து தானாக நடக்கும்.

மருமகளாகப் போகிறவர்களுக்கு

மாப்பிள்ளையை ஊர் தாங்கும். மனைவியைக் கூட்டிப் போகும் ஆண்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கவும். நீங்கள் பழைய கூட்டாளிகளைப் பார்க்கக் கிளம்பிய ஐந்தாவது நிமிஷம் உங்கள் மனைவி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். “எங்க வீட்ல யாரும் வேலை செய்யச் சொல்ல மாட்டாங்க” என்பீர்கள். யாரும் சொல்லவேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கே கூச்சமாக இருக்கும். முதல் நாள் அவரைவிட்டு வெளியே போகாதீர்கள்.

“விசேஷம் ஏதும் உண்டா?”, “ரெண்டாவதுக்கு எப்போ?” போன்ற கேள்விகள் வரத்தான் செய்யும். பதிலை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய சொந்தம் கேட்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பெரியம்மாவுக்கு உங்கள் மனைவி சொன்னால் அது வாயாடித்தனம். நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னால் பேச்சு அதோடு முடியும்.

சாப்பாடு

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வந்தால் சொதி. மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் குழம்பு. அதைச் சாப்பிட மட்டும் கூப்பிடாமல் செய்யும்போதே கூப்பிடுங்கள். தேங்காய்ப்பாலை மூன்று முறை பிழிந்து தனித்தனிப் பாத்திரத்தில் வைப்பார்கள். தண்ணிப் பாலில் உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பீன்ஸ், உரித்த பூண்டு வேகும். குழைய வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் அடுத்து. முதல் பாலை ஊற்றியதும் நுரை கட்டி வரும் முன் இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கிய பிறகுதான். அடுப்பின் முன் நின்று அந்த நுரையைப் பார்க்கும் வேலையை ஆச்சி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அன்றைக்கு இலையில் அவர் பார்த்து இறக்கிய சொதி. “ஏளா, மாப்பிளைக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து” என்ற உபசாரம் ஓயவில்லை. இஞ்சித் துவையலை விடாமல் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தேங்காய்ப்பால் கனத்துக்கு அதுதான் மருந்து.

ஊர் சுற்றுவது

ஒரு நாளில் ஒரே இடம். அகஸ்தியர் அருவி என்றால் காலையிலேயே போய்விடுங்கள். போகிற வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது. புலிகள் காப்பகப் பகுதி என்பதால் பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதையும் எடுத்துப் போகாதீர்கள். பாபநாசம் கோயில் படித்துறையில் சாமி கும்பிடலாம், குளிக்க வேண்டாம். பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணிகள் காலில் சுற்றும். நீச்சல் தெரியாதவரை ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறைக்குக் கூட்டிப் போங்கள், பாசி எந்தப் படியில் வழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறும் என்பதால் பிள்ளைகள் மேல் கண் இருக்கட்டும்.

மாஞ்சோலைக்கு அனுமதி இல்லாமல் போக முடியாது. போக முடியாவிட்டாலும் மணிமுத்தாற்றிலிருந்து மலையைக் காட்டி அந்தக் கதையைச் சொல்லலாம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து ஒரு கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காட்டில் போட்ட தேயிலைத் தோட்டம், 2024-இல் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னது, கீழே இறங்கிவந்த குடும்பங்கள். அம்பைப் பள்ளிக்கூடங்களில் மாஞ்சோலைப் பிள்ளைகளோடு படிக்காதவர்கள் குறைவு. என் பால்ய கதைகளில் என் வீட்டுக்காரர் தானாகக் கேள்வி கேட்ட கதை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் “ம்” கொட்டிக் கேட்டதுதான்.

பழைய வீடு கைமாறியிருந்தால் பக்கத்து வீட்டார் மூலம் சொல்லி அனுப்பிவிட்டுப் போங்கள். திண்ணையோடு நின்றுகொள்ளுங்கள். “இங்க மாடக்குழி இருந்துச்சே, இடிச்சிட்டீங்களா?” என்று கேட்பது வாங்கியவருக்குப் பிடிக்காது. பள்ளித் தோழர்களைச் சந்திக்கும்போதும் பட்டப்பெயர்க் கதைகளை அரை மணியில் நிறுத்துங்கள்.

ஒரு மாலையாவது நீங்கள் வீட்டில் இருங்கள், அவரை மாமாவோடு கடைத்தெருவுக்கு அனுப்புங்கள். நீங்கள் மறைத்த மார்க் ஷீட் சமாசாரம் வரை எல்லாம் தெரிந்துகொண்டு திரும்புவார். போகட்டும்.

திரும்பும் நாள்

ரயில் இரவில்தான் என்பதால் மத்தியானமே கிளம்பி, பத்தமடையில் இறங்கிக் கோரைப்பாய் நெய்வதைப் பாருங்கள். பட்டுப்பாய்க்கு விலை அதிகம், பேரம் பேசும் முன் அதன் இழையைத் தொட்டுப் பாருங்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை அம்பையிலேயே வாங்கிவிடலாம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே அல்வா விற்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். வரிசை நீளும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம். அல்வாவைத் துணிப் பைக்குள் வைக்காதீர்கள், விடிவதற்குள் நெய் இறங்கிவிடும்.

சென்னை வந்ததும் “பத்திரமா வந்து சேர்ந்துட்டோம்” என்று மாமாவுக்குப் போன் போட வேண்டும். நம்பரை அழுத்திப் போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.