பஞ்சர்தானா? முதலில் வால்வைப் பாருங்கள்



பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள் நம் தெருவில் பல வீடுகளில் காற்றிறங்கிச் சுவரோரம் நிற்கிறது. சென்ற மாதம் பஞ்சர் செலவுக்கு உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வந்த ஒரு மாணவி, நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்றாள். வாப்பா வெளிநாட்டில், சைக்கிளைக் கடைக்குத் தள்ளிப்போக வீட்டில் ஆளில்லை. போய்ப் பார்த்தோம். டியூபில் ஓட்டையே இல்லை. வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய்தான் வெடித்திருந்தது. சில ரூபாய் சாமான்.

ஆகவே, காற்று இறங்கியதும் டயரைக் கழற்ற வேண்டாம். காற்றடித்து, வால்வு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். குமிழ் வந்தால் வால்வு டியூபை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் இறங்கினால்தான் பஞ்சர்.

டயரை நெம்ப ஸ்குரூ டிரைவர் கூடாது. அதுவே இன்னொரு ஓட்டை போட்டுவிடும். டயர் லீவர் வாங்கி வையுங்கள். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டு, ஈரம் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள். பிள்ளைகள் அவசரப்படுவது இங்கேதான். சொல்யூஷனின் ஈரப் பளபளப்பு அடங்கிய பிறகே பேட்ச் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டியது சீக்கிரமே பெயர்ந்துவிடும்.

ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும். ரிம் பக்கம் என்றால் ஸ்போக் முனை குத்தியிருக்கலாம். ரிம் டேப்பைப் பாருங்கள். அருகருகே இரண்டு ஓட்டை என்றால், காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் என்றால் பெரும்பாலும் கருவேல முள். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி அதை எடுக்காமல் டியூபை மாட்டினால் மறுபடியும் பஞ்சர்தான். எடுத்த முள்ளைத் தெருவில் வீசுவதையும் பார்க்கிறோம். பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்க, நாமே முள்ளைப் போடலாமா?

ஓட்டை இல்லாவிட்டாலும் ரப்பர் வழியே காற்று மெல்லக் குறையும். வாரம் ஒருமுறை அடித்துவிடுங்கள். பம்ப்பும் லீவரும் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் அஸருக்குப் பின் கிடைக்கும். பெண் பிள்ளைகளையும் உம்மாமார்கள் தயங்காமல் அனுப்பலாம். இன்ஷா அல்லாஹ், செய்து காட்டுவோம்.