தொடையெலும்பு முறிவும் உயிர்க்காப்பும்

எலும்பு முறிவினால் கைகால் ஊனமுறக்கூடும் என்பது யாவரும் அறிந்ததே. அதனால் உயிருக்கே அபாயம் நேரலாம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. உடலின் மிக நீண்ட எலும்பாகிய தொடையெலும்பு இதற்குத் தக்க சான்றாகும்.

வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. தொடையெலும்பின் நடுப்பகுதி முறிந்தால், தோல் கிழியாத நிலையிலும், 1 முதல் 1.5 லிட்டர் வரை இரத்தம் தசைகளினூடே கசிந்து தேங்கலாம். இரத்தம் வெளியே தெரியாமையால் அபாயமும் புலப்படுவதில்லை. அந்நிலையில் காலை அசைத்துத் தூக்கினால், எலும்பின் கூரிய முனைகள் தசையையும் இரத்தக் குழாய்களையும் மேலும் சிதைக்கும்.

இதனைத் தடுக்கும் எளிய சாதனம் ஒன்றை லிவர்பூல் நகர மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ் 1875-இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். தொடையின் அடியில் பொருந்தும் வளையமும், காலின் இருபுறமும் நீளும் இரும்புக் கம்பிகளும் கொண்ட சிம்பு அது. காலை நேராக இழுத்து அதில் கட்டும்போது முறிந்த முனைகள் அசைவதில்லை, வலி குறைகிறது, இரத்தம் தேங்கும் இடமும் சுருங்குகிறது.

முதல் உலகப்போரில், தாமஸின் மருமகனான ராபர்ட் ஜோன்ஸ் இச்சிம்பைப் பிரிட்டிஷ் படையில் பரவச் செய்தார். குண்டடியால் தொடையெலும்பு முறிந்தோரில் 80 சதவீதமாயிருந்த இறப்பு 20 சதவீதமாகக் குறைந்தது என்று அவர் கூறினார். முதல் எண் மிகையானது எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கருதினர். எனினும், 1917-இல் அராஸ் போரில் இவ்வாறு காயமுற்ற 1009 பேரில் இறந்தோர் 15.6 சதவீதமே. இதற்குச் சிம்பு மட்டுமே காரணமன்று; அதிர்ச்சிக்கு உடனே சிகிச்சையளித்ததும், புண்களைச் செவ்வனே தூய்மை செய்ததும் துணை நின்றன.

எலும்பின் உட்குழலில் உலோக ஆணி செலுத்தும் முறையை ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்ட் கூன்ட்ஷர் 1939-இல் கையாண்டார். இவ்வாறு எலும்பை எப்போது பொருத்துவது நன்று என்னும் வினா பின்னர் எழுந்தது. அமெரிக்காவில் 178 நோயாளிகளை ஆராய்ந்து 1989-இல் வெளியிடப்பட்ட முடிவு இதற்கு விடை தந்தது. பல உறுப்புகளிலும் காயமுற்றோருக்கு 24 மணி நேரத்திற்குள் எலும்பைப் பொருத்தினால், 48 மணி நேரத்திற்குப்பின் பொருத்துவதைக் காட்டிலும் நுரையீரல் கோளாறுகள் குறைவு எனத் தெரிந்தது. ஆயினும், இரத்த ஓட்டம் சீர்ப்படாத நோயாளிக்கு நீண்ட அறுவை தீங்காகலாம். அத்தகையோருக்கு முதலில் வெளிச் சட்டத்தால் எலும்பை நிலைநிறுத்தி, உடல் தேறியபின் ஆணி பொருத்துவதே இன்றைய வழக்கம்.

விபத்து நேர்ந்த இடத்தில் உதவுவோரும் இவ்வுண்மையை மறத்தலாகாது. சிம்பு கிடைக்காவிடில், கால்களினிடையே துணியைத் திணித்து, முறிந்த காலை மற்றக் காலுடன் சேர்த்துக் கட்டலாம். நோயாளியைத் தூக்குவதற்கு முன் முறிந்த காலை அசையாமற் செய்வதே உயிர்க்காப்பின் முதற்படியாகும்.