ஈரல் மாற்றி வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக்கிற தங்கச்சிக்கு...

உன் வீட்டுக்காரரை ராஜபாளையத்துக்குக் கூட்டிட்டு வந்தாச்சுன்னு நீ போன் பண்ணினதும், நாலு வருஷம் முந்தி ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டு வாசல்ல கிடந்த செருப்புதான் ஞாபகம் வந்தது. எண்ணினா முப்பது ஜோடி இருக்கும். சொந்தபந்தம் மொத்தமும் ஈரல் மாத்திட்டு வந்த உங்க அத்தானைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டுப் போச்சு. பத்தாம் நாள் காய்ச்சல். திரும்பவும் ஆஸ்பத்திரி. யாரையும் குறை சொல்ல முடியாது, வாசல்ல நின்னு தடுக்காதது என் தப்பு.

புது ஈரலை உடம்பு எதிர்க்கக் கூடாதுன்னுதான் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு எல்லாம் கொடுக்கறாங்க. அதே மாத்திரைதான் கிருமி உள்ளே வரவும் வழி விடுது. முதல் மாசம் தையல், டியூப், பித்தக் கசிவு, ஆஸ்பத்திரிக் கிருமி. ரெண்டுல இருந்து ஆறாம் மாசம் வரை சி.எம்.வி. வைரஸ், பூஞ்சை, உடம்புக்குள்ள தூங்கிக் கிடந்த டிபி. அப்புறம் மாத்திரை அளவு குறையக் குறைய பயமும் குறையும். ஈரலை உடம்பு எதிர்த்து, மறுபடி டோஸைக் கூட்டினா பழையபடி முதல்ல இருந்து கவனிக்கணும்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வச்சுப் படி. ஐசியூவுல ரொம்ப நாள் இருந்தாரா, வயிற்றை ரெண்டாம் தடவை திறந்தாங்களா, டயாலிசிஸ் நடந்ததா, ரத்தம் நிறைய ஏத்தினாங்களா, சுகர் இருக்கா? இதுல ஒண்ணு ரெண்டு இருந்தாலும் மத்தவங்களை விட நீ கூடுதலா கவனமா இருக்கணும். கிருமி வராம இருக்கக் கொடுத்த மாத்திரையை, 'நல்லாத்தானே இருக்கார்'னு நீயா நிறுத்திடாதே.

டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ரத்தப் பரிசோதனை அன்னைக்கு மட்டும் ரத்தம் கொடுத்துட்டுத்தான் காலை மாத்திரை. பக்கத்துக் கிளினிக்ல இருமலுக்குன்னு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் எழுதினா ரத்தத்துல இந்த மருந்தோட அளவு எகிறிடும். டிபி மருந்து ரிஃபாம்பிசின் அதை இறக்கிடும். அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தையா "ஈரல் மாத்தியிருக்கு"ன்னு சொல்லு. வலி மாத்திரையும் நீயா வாங்கிக் கொடுக்காதே, கிட்னிக்கு ஆகாது.

கீழாநெல்லியை அரைச்சு எடுத்துக்கிட்டு ஒரு பெரியம்மா கட்டாயம் வருவாங்க. சீந்தில் பொடியும் வரும். ரெண்டையும் வாங்கி வச்சுக்கோ, கொடுக்காதே. பம்பளிமாஸும் வேண்டாம், அது மருந்து அளவைக் கெடுக்கும்.

சாப்பாடு சுடச்சுட இருக்கணும், தண்ணி காய்ச்சி ஆறினதா இருக்கணும். பச்சைப் பால், அரைவேக்காட்டு முட்டை, கடைச் சட்னி எதுவும் கிடையாது. எங்க ஊர் பால்கோவாவை நீ கேட்பேன்னு தெரியும்! பாலை ரொம்ப நேரம் காய்ச்சிச் சுண்ட வைக்கறதால அன்னன்னைக்குக் கிண்டினதுல கிருமிப் பயம் கம்மிதான். ஆனா ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சுகரைக் கூட்டும், சுகர் கூடினா புண் ஆறாது. டாக்டர் சம்மதிச்சா ஒரு ஸ்பூன், அவ்வளவுதான்.

பேண்டேஜ் துணி உங்க பக்கத்து சத்திரப்பட்டித் தறியிலதான் நெய்யறாங்க. அதுக்காகத் தெரிஞ்ச வீட்டுல இருந்து மீட்டர் கணக்குல வாங்கி வச்சுத் தையல்ல கட்டாதே. ஸ்டெரைல்னு போட்ட பாக்கெட்டைப் பிரிச்சுத்தான் கட்டணும். அவர் மில் வேலைக்கு எப்போ போகலாம்னு டாக்டர்தான் சொல்லணும். பஞ்சுத் தூசியும் அந்தக் கூட்டமும் இப்போ ஆகாது. ஆடிப்பூரத் தேரை இந்த வருஷம் டிவியில பார்த்துக்கட்டும். வீட்டு நாய் இருக்கட்டும், அதோட கழிவை அவர் அள்ளக் கூடாது. தோட்டத்து மண்ணுலயும் கை வைக்க வேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டா, குளிர் நடுங்கினா, தையல் சிவந்தா, கண்ணு மஞ்சளானா விடியற வரைக்கும் காத்திருக்காதே. ஸ்டீராய்டு எடுக்கறவருக்குக் காய்ச்சல் அடிக்காமலேயே கிருமி ஏறலாம். டாக்டரைக் கேட்காம பாராசிட்டமால் போட்டு வர்ற காய்ச்சலையும் மறைச்சுடாதே. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே உனக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் நம்பரை இப்பவே அடுப்படிச் சுவத்துல பெரிசா எழுதி ஒட்டிடு.