ஆதரித்தவளை ஆதரியுங்கள்



அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதின நிருபத்தின் 16-ம் அதிகாரத்தைப் பொறுமையாய் வாசிப்பவர்கள் சிலரே. வெறும் பெயர் வரிசைதானே என்று தாண்டிவிடுகிறோம். அவ்வரிசையின் முதலில் நிற்பவள் பெபேயாள் என்னும் ஒரு ஸ்திரீ. வேதாகமம் முழுவதிலும் இவளைப்பற்றி இருப்பவை இரண்டே வசனங்கள்.

கொரிந்து பட்டணத்துக்குக் கிழக்கே கெங்கிரேயா என்ற துறைமுகம் இருந்தது. கீழ்த்திசைக் கப்பல்கள் வந்து தங்கும் இடம். மாலுமிகளும் வர்த்தகரும் அந்நியரும் ஓயாமல் வந்துபோகும் ஊர். அவ்வூர்ச் சபையைச் சேர்ந்தவள் இவள். இவளுடைய பெயர் கிரேக்கரின் புராணக் கதைகளில் வழங்கின பெயர். ஆகையால் அஞ்ஞானத்திலிருந்து மனந்திரும்பியவளாயிருக்கலாம்.

சின்னப்பர் இவளை மூன்று விதமாய் அழைக்கிறார். முதலாவது, சகோதரி. இரண்டாவது, சபையின் ஊழியர்; தமக்கும் அவர் வழங்கிக்கொண்ட அதே கிரேக்க வார்த்தை. மூன்றாவது, அநேகரை ஆதரித்தவள். தம்மையும் ஆதரித்தவள் என்று மறைக்காமல் சொல்லுகிறார்.

கி.பி. 57-ம் ஆண்டளவில் அப்போஸ்தலர் இந்நிருபத்தை எழுதினார். ஏழைகளுக்கான தர்மப்பணத்தோடு எருசலேமுக்குப் போகவேண்டியிருந்ததால், உரோமாபுரிக்கு அவரால் போகக்கூடவில்லை. இராஜாங்கத் தபால் அக்காலத்தில் சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது. கடிதம் பிரயாணிகள் கையில்தான் போகும். இந்நிருபத்தைக் கொண்டுபோனவள் பெபேயாளே என்பது வேதவியாக்கியானிகளில் பெரும்பாலோரின் கருத்து. மூன்றுமுறை கப்பற்சேதத்தில் அகப்பட்டவர் சின்னப்பர். கடலின் ஆபத்தை அறிந்தவர், அருமையான அந்த நிருபத்தை ஒரு ஸ்திரீயை நம்பிக் கொடுத்தார்!

பிற்காலத்தாரும் இவளை மறக்கவில்லை. 4-ம் நூற்றாண்டில் அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பர் தமது பிரசங்கத்தில் இவளைப் புகழ்ந்தார். சோபியா என்ற ஊழியக்காரியை ‘இரண்டாம் பெபேயாள்’ என்று குறிக்கும் கல்வெட்டு ஒன்று 1903-ல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. திருச்சபை இவளுடைய திருநாளைச் செப்டம்பர் 3-ந் தேதி நினைவுகூருகிறது. ஆதிச்சபையில் பெண் தியாக்கோன்களின் ஊழியம் எத்தகையது என்பதை ஆராய பாப்பரசர் பிரான்சிஸ் 2016-லும் 2020-லும் குழுக்களை நியமித்தபோதும் இவளுடைய பெயர் பேசப்பட்டது.

ஆனால் நமக்குரிய பாடம் இன்னும் எளிது. சின்னப்பர் உரோமாபுரியாரிடம் கேட்பவை இரண்டு: இவளைப் பரிசுத்தவான்களுக்கு ஏற்றபடி ஏற்றுக்கொள்ளவேண்டும், இவளுக்கு எது தேவையோ அதில் உதவவேண்டும். எல்லாருக்கும் கைகொடுத்தவளுக்கும் ஒரு கை வேண்டியிருக்கும் என்பதை அப்போஸ்தலர் அறிந்திருந்தார்.

நம் பங்கிலும் பெபேயாள்கள் உண்டு. கோவிலைக் கூட்டிப் பீடத்தை அலங்கரிப்பவர்கள், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர்கள், சாகக்கிடப்பவர்கள் வீட்டில் இராத்திரி முழுதும் செபமாலை சொல்லுபவர்கள். கலியாணமோ சாவோ, நாம் முதலில் தேடுவது அவர்களைத்தான். அவர்களே காய்ச்சலில் படுத்தால், பிள்ளையின் படிப்புக்குப் பணமின்றித் தவித்தால், விதவையாகித் தனித்தால், அந்த வாசற்படியை மிதிப்பவர் எத்தனை பேர்? ‘அவள் தைரியசாலி, சமாளித்துக்கொள்வாள்’ என்று சொல்லி விலகுவது புகழ்ச்சியல்ல, நன்றிகேடு.

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் தனக்கு உதவின ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்லிச் செபிக்கட்டும். செபித்தபின் அவள் வீட்டுக்குப் போய், என்ன வேண்டுமென்று கேட்கட்டும்.