மரக்காணத்து உப்பள வீட்டில் மணிவிழா

அறுபதாண்டு நிறைவுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதைக் கடந்தோர்க்குச் சதாபிஷேகம் எனச் சம்பிரதாயம் வகுத்துள்ள விசேஷங்களை நடத்தப் புரோகிதர் எழுதித் தரும் சாமான் பட்டியல் ஒன்றே போதும் என்று பட்டணவாசிகள் எண்ணக்கூடும். ஆனால் தை தொடங்கிப் புரட்டாசி வரை உப்பு விளைந்து, ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிவிடும் மரக்காணத்தில் பெற்றோருக்கு விழா எடுக்க விரும்பும் மக்கள், பஞ்சாங்கத்தோடு அளத்தின் கணக்கையும் பெற்றோரின் தேகநிலையையும் சேர்த்துப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும்.

முதற்காரியம் வயதை நிச்சயித்தல். ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று அச்சாகியிருந்தால், அது தந்தை பிறந்த நாளாக இராமல், பதிவு செய்த எழுத்தர் பிறப்பித்த நாளாகவும் இருக்கலாம். ஜாதகம் இல்லாத வீட்டில் அத்தையோ பெரியம்மாவோ இருப்பார்களாயின் அவர்களிடம் அமர்ந்து, தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்பா பின்பா, அண்ணா ஆட்சிக்கு வந்த 1967-இல் கைக்குழந்தையா நடக்கும் பிள்ளையா, பிறந்தபோது அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்களா மழை பெய்துகொண்டிருந்ததா என்று பொறுமையாகக் கேட்டால் ஆண்டும் மாதமும் பெரும்பாலும் தெளிந்துவிடும். நக்ஷத்திரம் எவருக்கும் நினைவில்லையேல் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அதனைக் கொள்வது வழக்கம். பிரபவ முதல் அக்ஷய வரை அறுபது ஆண்டுகளும் ஒருமுறை சுழன்று, பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வருவதுதான் மணிவிழாவின் காரணம். 1966 சித்திரையில் தொடங்கிய பராபவ ஆண்டு 2026 சித்திரையில் மறுபடி பிறக்கிறது. சதாபிஷேகத்துக்கு, ஆயிரம் பிறை கண்டவர் என்னும் பொருத்தம் பற்றி, எண்பது வயதும் எட்டு மாதமும் என்பர். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இருபத்தொன்பதரை நாள் என்று பெருக்கிப் பார்ப்பவருக்கு மேலும் ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும். அந்தக் கணக்கை விழாப் பந்தலில் எழுப்பாதிருப்பதே நலம்.

அடுத்தது நாள் குறித்தல். இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் இடறுகிறார்கள். பங்குனி முதல் ஆனி வரை வெயில் உச்சத்தில் உப்பு திரண்டு நிற்க, ஒரு கோடைமழை அத்தனையையும் கரைத்துவிடும் என்பதை ஆயுள் முழுதும் கண்டவர், தமக்கே விழாவென்றாலும் பாத்தியை விட்டு மனநிம்மதியோடு மணையில் அமரமாட்டார். மழை மாதங்களில் ஓய்வு உண்டு, கூலி இல்லை. அக்காலத்தில் முன்பணம் வாங்கிப் பந்தல் போட்டால் அடுத்த பருவத்து உழைப்பு அதை அடைப்பதிலேயே கழியும். ஆதலின், ஜன்ம நக்ஷத்திரத்தன்று சோழர் காலக் கல்வெட்டுகளை உடைய பூமீசுவரர் கோயிலில் ஓர் அர்ச்சனையை மட்டும் செய்வித்து, கையில் காசும் இருந்து வேலையின் வேகமும் தணிந்திருக்கும் ஆவணியில் சுபதினம் ஒன்றில் சடங்கையும் விருந்தையும் வைத்துக்கொள்ளுதல் உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

மார்க்கண்டேயனுக்காகக் காலனையே உதைத்த ஈசன் உறையும் திருக்கடையூருக்குச் செல்ல ஆசைப்படும் பெற்றோரைத் தடுக்கலாகாது. ஆனால் புதுவை, கடலூர், சிதம்பரம், சீர்காழி கடந்து செல்லும் அவ்வழியில் முழங்கால் நோவுள்ளவர் இறங்கி நடக்கவும் இளைப்பாறவும் இடங்களை முன்னரே தீர்மானித்து, முதல்நாள் மாலையே அங்குத் தங்கிவிட வேண்டும். விடியற்காலப் பயணமும் உடனே அபிஷேகமுமாக முதியவரை வாட்டுவது பக்தியாகாது. பிள்ளைகளுக்குத்தான் ஆசை, பெற்றோருக்கு இல்லை என்றால் வீட்டு வாசலே போதும்.

கலசாபிஷேகத்தின்போது உறவினர் ஒவ்வொருவரும் ஆர்வத்தால் குடத்தைக் கவிழ்ப்பர். நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். வழுக்காத தரையில் கைப்பிடியுள்ள நாற்காலி இடுக. நனைந்த ஆடையை மாற்ற அறை அருகிலேயே இருக்கட்டும். வெண்ணுப்பின் மேல் தெறிக்கும் வெயிலில் பல்லாண்டு நின்று கண் கூசிப்போனவர்க்கு, அதிலும் கண்புரை சிகிச்சை செய்துகொண்டவர்க்கு, ஹோமப்புகை பெருந்துன்பம். குண்டத்தைக் காற்றின் போக்கறிந்து வெட்டவெளியில் அமைக்க வேண்டும். விருந்தில் அப்பளம், ஊறுகாய், வற்றல் மூன்றையும் பெற்றோர் இலையில் குறைத்துவிடுக: உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது, மூட்டை மூட்டையாக உப்பு வாரியவரின் இரத்த அழுத்தத்துக்கும் அவ்விதி பொருந்தும்.

தந்தை மறைந்து தாய் மட்டும் இருக்கும் குடும்பங்களில் மணிவிழா என்ற பேச்சையே எடுப்பதில்லை. மாங்கல்யதாரணம் தம்பதிகளுக்குரியது என்பது உண்மை. அதனால் அவளுடைய அறுபதாம் ஆண்டு இல்லையென்று ஆகிவிடுமா? கோயிலில் ஆயுளுக்காக அர்ச்சனை செய்வித்து, புதுப்புடவை தந்து, பேரப்பிள்ளைகள் வரிசையாக வணங்கி, பந்தியில் முதல் இலையை அவளுக்கு இடுவதற்கு எந்த சாஸ்திரமும் குறுக்கே நிற்பதாக நான் அறியேன். தயங்கும் பெரியவர்களிடம் ஒரு வாரம் முன்னதாகவே பேசி இணங்கச் செய்ய வேண்டும். பந்தலில் வாதம் எழுந்தால் முதலில் எழுந்து உள்ளே போகிறவள் தாயாகவே இருப்பாள்.

அழைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பந்துக்களைப் பத்திரிகை அனுப்பி அழைக்கலாம். தந்தையோடு பாத்தியில் நின்றவர்களை நேரில் சென்று அழைக்க வேண்டும். அவர்கள் விடியுமுன்னே அளத்துக்குக் கிளம்புகிறவர்கள் ஆதலின், மாலை விருந்தை ஆறு மணிக்கே பரிமாறத் தொடங்கி, எட்டு மணிக்குள் தாம்பூலம் கொடுத்து அனுப்பிவிடுக.