ஒரே கேரட், பல அல்வா

வட இந்தியாவில் குளிர்காலம் வந்தால் சந்தையில் சிவப்புக் கேரட் குவியும். டெல்லியிலும் பஞ்சாபிலும் வீட்டுக்கு வீடு கேரட் அல்வா கிளறுவார்கள். அதை 'காஜர் கா அல்வா' என்பார்கள். 'காஜர்' என்றால் கேரட்.

லக்னோவில் கறுப்புக் கேரட்டிலும் அல்வா உண்டு. அந்தக் கேரட்டை அரிந்தால் கையில் கறை படியும். தமிழ்நாட்டில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஆரஞ்சு நிறக் கேரட் விளைகிறது. அதிலும் அல்வா நன்றாக வரும்.

கடையில் வாங்கினால் விலை அதிகம். நாமே செய்யலாம்.

தேவையான பொருள்கள்

கேரட் 1 கிலோ
பால் 1 லிட்டர்
சர்க்கரை 250 கிராம்
நெய் 100 கிராம்
ஏலக்காய் 5

செய்யும் முறை

1. கேரட்டைக் கழுவித் தோல் சீவுங்கள். பிறகு துருவுங்கள்.
2. அடி கனமான பாத்திரத்தில் பாதி நெய்யை ஊற்றுங்கள். கேரட்டைப் போட்டு 10 நிமிடம் வதக்குங்கள்.
3. காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். அடி பிடிக்காமல் கிளறுங்கள்.
4. கேரட் வெந்து, பால் நன்றாக வற்றிய பிறகு சர்க்கரை போடுங்கள். முன்பே போட்டால் கேரட் சரியாக வேகாது.
5. சர்க்கரை இளகி நீர் விடும். அது வற்றும்வரை கிளறுங்கள். மீதி நெய்யையும் ஏலப்பொடியையும் சேருங்கள். அல்வா ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்குங்கள்.

வசதிக்கு ஏற்ற மாற்றங்கள்

விறகோ கேஸோ மிச்சமாக வேண்டுமா? துருவிய கேரட்டை அரை லிட்டர் பாலுடன் குக்கரில் வேகவிடுங்கள். பிறகு திறந்து வைத்து வற்றவிடுங்கள்.

வெல்லம் சேர்க்க விருப்பமா? பால் முழுவதும் வற்றியதும் அடுப்பிலிருந்து இறக்குங்கள். அதன் பிறகு வெல்லத்தைக் கலக்குங்கள். சூடான பாலில் போட்டால் பால் திரிந்துவிடும்.

விருந்துக்குச் செய்கிறீர்களா? பாலைப் பாதியாகக் குறைத்து, கடைசியில் சர்க்கரை சேர்க்காத கோவாவை உதிர்த்துப் போடலாம். ஆனால், சில கடைகளில் கோவாவில் மாவு கலந்துவிடுகிறார்கள். சிறிது கோவாவைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். அதில் 2 சொட்டு டிங்ச்சர் அயோடின் விடுங்கள். நீல நிறம் வந்தால் அதில் மாவு இருக்கிறது. சோதித்த கோவாவைச் சாப்பிடக் கூடாது, கொட்டிவிடுங்கள்.

கோவா, முந்திரி, திராட்சை எதுவும் இல்லையா? கவலை வேண்டாம். கேரட்டும் பாலும் பொறுமையாகக் கிளறும் கையும் இருந்தால் போதும். சுவை வந்துவிடும்.

கண்ணுக்கு நல்லது

கேரட்டில் உள்ள சத்து நம் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வரும். நெய்யோ எண்ணெயோ சேர்ந்தால்தான் இந்தச் சத்து உடலில் நன்றாகச் சேரும். அதற்காகத் தினமும் அல்வா தின்ன வேண்டியதில்லை. எண்ணெய் விட்டுச் செய்த கேரட் பொரியலே போதும். முருங்கைக்கீரையிலும் இந்தச் சத்து உண்டு.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு சொல். வெல்லத்தில் செய்த அல்வாவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வெல்லம்தானே என்று அதிகம் சாப்பிட வேண்டாம்.

எழுதிப் பாருங்கள்

1. சர்க்கரையை எப்போது போட வேண்டும்? ஏன்?
2. கோவாவில் மாவு கலந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
3. உங்கள் ஊரில் இன்றைய விலை என்ன?

கேரட் 1 கிலோ ......... ரூபாய்
பால் 1 லிட்டர் ......... ரூபாய்
சர்க்கரை 250 கிராம் ......... ரூபாய்
நெய் 100 கிராம் ......... ரூபாய்
ஏலக்காய் 5 ......... ரூபாய்
மொத்தம் ......... ரூபாய்

செய்த அல்வாவை நிறுத்துப் பாருங்கள். அதே எடை அல்வா கடையில் என்ன விலை? எவ்வளவு மிச்சம்?