இன்னும் நாலு சொட்டு ஊத்தட்டுமா?

சர்ஃப் போர்டில் ஒட்டுப் போட்ட இடம் மறுநாளும் விரலில் பிசுபிசுத்தால், பட்டினப்பாக்கம் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, கேட்டலிஸ்ட் கம்மியாப் போச்சா? இன்னும் நாலு சொட்டு ஊத்தட்டுமா?" பெரும்பாலும் குற்றம் கேட்டலிஸ்ட்மேல் இல்லை. காற்று, ஈரம், தப்பான ரெசின் என்று மற்ற மூன்றையும் பார்த்த பிறகே அதன்மேல் சந்தேகப்பட வேண்டும்.

சீனிவாசபுரம் கரையில் ஃபைபர் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. அடிபட்ட படகை மணலிலேயே கவிழ்த்துக் கண்ணாடியிழை மேட் ஒட்டும் வேலையும் கூடவே வளர்ந்தது. நான் ரெசின் கலக்கக் கற்றதும் அப்படித்தான். கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் சர்ஃப் பள்ளி தொடங்கி, குப்பத்துப் பிள்ளைகள் அலையில் நிற்கப் பழகிய பிறகு, போர்டுகளும் கைக்கு வந்தன. ரெசின் அதேதான். ஆனால் படகுக்குப் பழகிய கை போர்டில் தடுமாறும்.

ரெசின் பெயின்ட் மாதிரி ஈரம் போய்க் காய்கிற சரக்கு இல்லை. பாலியெஸ்டரும் அதைக் கரைத்து வைத்திருக்கும் ஸ்டைரீனும் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகின்றன. எம்.ஈ.கே.பி. என்கிற கேட்டலிஸ்ட் அதைத் தொடக்கிவைக்கும், கோபால்ட் வேகப்படுத்தும், அப்போது கிளம்பும் சூடு மேலும் விரட்டும். படகுக்குக் கிலோக் கணக்கில் கலந்து, மேட்டை அடுக்கடுக்காக ஒட்டும்போது அந்தச் சூடே பாதி வேலையை முடித்துவிடும். கண்ணளவில் கொஞ்சம் முன்பின் ஊற்றினாலும் தெரியாது. போர்டில் விழுவதோ 50 கிராம் ரெசின், மெல்லிய துணி ஒன்றிரண்டு மடிப்பு. சூடு சேர இடமே இல்லை. நாலு சொட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால் கணக்கே மாறிவிடும்.

அதனால் தராசும் ஊசியில்லாத சிரிஞ்சும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 மி.லி. கேட்டலிஸ்ட். மே மாத நண்பகலில் 1 போதும். மார்கழிக் காலையில் 2 வரை போகலாம். அதற்கு மேல் ஊற்றினால் டப்பாவிலேயே கொதித்துக் கட்டியாகும், இல்லையென்றால் ஒட்டு நொறுங்கிப் பிளக்கும். 1-க்குக் கீழே போனால் முழுதாகக் கெட்டியாகாது. கலந்ததை ஆழமான கப்பில் விட்டுவைக்காமல் அகலமான தட்டில் பரப்பினால் வேலை செய்ய நேரம் கிடைக்கும். கோபால்ட் தனியாக வரும் ரெசின் என்றால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் கேட்டலிஸ்டைத் திறக்க வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். இந்த வேலைக்குக் கண்ணாடி போடாதவனை நான் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

இப்போது பிசுபிசுப்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரெசினின் மேல்தோலைக் கெட்டியாக விடாது. அடுக்கு ஒட்டுகிற ரெசின் அப்படித்தான் இருக்கும், அடுத்த அடுக்கு பிடிப்பதற்கு அதுவே வசதி. கடைசிப் பூச்சுக்கு மட்டும் மெழுகுக் கரைசல் கலந்த ரெசின் வேண்டும். மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைக்கும். மெழுகு கிடைக்காவிட்டால் வழவழப்பான பிளாஸ்டிக் ஷீட்டைக் குமிழில்லாமல் மேலே ஒட்டிவிடுவேன். நம் கரையில் அதற்கு இன்னொரு பலனும் உண்டு. மதியம் கடற்காற்று ஏறினால் மெல்லிய பூச்சிலிருந்து ஸ்டைரீன் பறந்துவிடும். பிணைய வேண்டிய சரக்கே போன பிறகு எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை. நான் படகு மறைவில், தார்ப்பாய் கட்டித்தான் வேலை செய்வேன்.

ஏற்கெனவே பிசுபிசுக்கிறதா? அசிட்டோன் துணியால் துடைத்து நகத்தால் அழுத்துங்கள். அடியில் கெட்டி என்றால் மெழுகு ரெசின் ஒரு பூச்சு போதும். அடிவரை மெத்தென்று இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் வழி. மேலே கேட்டலிஸ்ட் தடவுவது வீண்வேலை.

ஈரத்தைப் பற்றி யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை. தண்ணீர் குடித்த போர்டை நல்ல தண்ணீரில் கழுவி, ஓட்டை கீழே பார்க்க நாள்கணக்கில் சாய்த்து வைக்க வேண்டும். அந்த இடத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை ஒட்டிக் காலை வெயிலில் கொஞ்சம் காட்டினால், உள்ளே துளி கோத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கோத்திருந்தால் ரெசினைத் திறக்காதீர்கள்.

திறக்கும் முன் ஓட்டைக்குள் நுரையைப் பாருங்கள். மணிமணியாக இருந்தால் தெர்மாகோல் வகை. பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது உருகிக் குழியாகிவிடும், எப்பாக்ஸிதான் போட வேண்டும். எப்பாக்ஸியில் 'நாலு சொட்டு கூட' என்ற பேச்சே கிடையாது. ரெசினுக்கு எவ்வளவு ஹார்ட்னர் என்று டப்பாவில் போட்ட விகிதம் எடைக்கா, அளவுக்கா என்று பார்த்து அப்படியே கலக்க வேண்டும். ஹார்ட்னர் கூடினாலும் குறைந்தாலும் ரப்பர் மாதிரி நின்றுவிடும். வெயில் இறங்கும் நேரத்தில் ஆரம்பிப்பது நல்லது. சூடு ஏறும்போது நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் விடும். மாலை ஈரத்தில் மேலே மெழுகு போலப் படலம் கட்டலாம், மறுநாள் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

வெயிலில் சில நிமிடங்களில் இறுகும் யு.வி. ரெசின் சின்னக் கீறலுக்கு அருமை. நிழலில் பூசி வெயிலுக்குக் கொண்டுவந்தால் போதும். ஆழமான குழிக்கும் நிறம் கலந்த ஒட்டுக்கும் வேண்டாம், ஒளி அடிவரை இறங்காது.

எந்த ரெசினானாலும் கடலுக்குப் போகும் முன் உப்புத்தாள் போட்டுப் பாருங்கள், முகமூடியோடு. வெள்ளை மாவாக உதிர்ந்தால் போகலாம். தாளை அடைத்துக்கொண்டு, பாலியெஸ்டரில் ஸ்டைரீன் வாடையும் தூக்கலாக அடித்தால், போர்டு இன்னும் ஒருநாள் தார்ப்பாய்க்குக் கீழேயே இருக்கட்டும்.